கருங்கல் இறக்கத்தில் இரண்டு குலைகள்

முதலில் செயினைப் பாருங்கள்.
சீட்டின் உறை, மணியின் நிறம்,
கைப்பிடியில் தொங்கும் குஞ்சம் எல்லாம் பிறகு.
குளச்சலிலிருந்து வரும் சைக்கிள் என்றால்
தொடாமலே சொல்வேன்:
உப்பு.
கடப்புறத்துக் காற்றுக்கு இரும்பு என்றால்
கருவாட்டு ருசி.
ராத்திரி நல்ல வெள்ளத்தில் கழுவி
துணியால் ஒற்றி
ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய்.
குளிப்பாட்டச் சொல்லவில்லை.
எண்ணெய் கூடினால் மணல் வந்து குடியேறும்,
வாடகையும் தராது.

பிரேக் கட்டை நாற்பது ரூபாய்.
அதற்கு யோசிக்கிற வின்சிலாஸ்
காருக்கு நாலாயிரத்தில் பாட்டுப்பெட்டி வைத்தான்.
ஷெட்டும் கட்டினான்,
டைல்ஸ், சுருள் கதவு, நீல விளக்கு.
காரை அளந்தான்.
காரின் கதவு திறக்கும் என்பதை அளக்கவில்லை.
இப்போது வேட்டியை மடித்துக் கட்டி
டிக்கி வழியாக இறங்குகிறான்.

ஆகவே ஷெட் கட்டுகிறவர்கள்
காரை நடுவில் நிறுத்தி
நாலு கதவையும் விரியத் திறந்துவிட்டு
அப்புறம் நூல் பிடியுங்கள்.
தரை வாசலைப் பார்த்துச் சரியட்டும்,
வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் நமக்கு.
விளக்கை உச்சியில் போடாமல் பக்கச் சுவரில் போடுங்கள்.
உச்சி விளக்கில்
உங்கள் நிழல்தான் என்ஜினுக்குள் விழுந்து கிடக்கும்.

பிள்ளை வண்டி கேட்டு வந்தவள் ஷைஜி.
முந்திரி ஆலையில் வேலை.
இரட்டைகள், மூன்று வயது.
அங்கன்வாடி இரண்டு கிலோமீட்டர்.
செல்போனில் ஒரு படம் காட்டினாள்,
எந்த நாட்டிலோ ஒரு சைக்கிளின் பின்னால்
மஞ்சள் கூடாரம் போல ஒன்று.
"இதுபோல ஒண்ணு செய்து தருவியளா அண்ணே?
பைசா பைய பையத்தான் தருவேன்."
செய்யலாம் என்றேன்.
வெல்டிங் வைக்கிறவன்
லேசாகச் சொல்லக்கூடாத சொல் அது.

முதலில் செய்தது உயரம். பார்க்க அழகு.
பிள்ளைகளுக்குப் பதில் இரண்டு குலை கட்டினேன்,
ஒன்று மட்டி, ஒன்று ஏத்தன்,
எடை போட்டுத்தான்.
இறக்கத்து வளைவில்
உள்சக்கரம் எழும்பியது,
பிரசங்கம் முடியுமுன் நழுவுகிறவனைப் போல
சத்தமில்லாமல்.
அடுத்த நொடி மொத்தமும்.
மட்டிக்குலை ஓடையில்.
ஏத்தன்குலையை ஓர் ஆடு மணம் பிடித்துக்கொண்டிருந்தது.
முழங்கை சிராய்ப்போடு ரோட்டில் உட்கார்ந்து
குலைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன்,
அபின், அபினா என்று.
வயிறு கலங்கிவிட்டது.

அறுத்தேன்.
தட்டை நாலு இஞ்சு தாழ்த்தினேன்.
அச்சை ஒரு சாண் அகலப்படுத்தினேன்.
கொளுவி பின்சக்கர அச்சில்தான்.
சீட்டுத் தண்டில் மாட்டித் தரச் சொன்னால்
வேறு கடை பாருங்கள்.
கொளுவி ஒடிந்தாலும் விடாமல் பிடிக்க ஒரு வார்.
தோளுக்கு, இடுப்புக்கு, காலிடுக்குக்குப் பெல்ட்.
பக்கத்தில் வலை, விரல் கம்பிக்குள் போகும்.
ஹெல்மெட்.
"வண்டிக்குள்ளேயுமா?"
வண்டிக்குள்ளேயும்.
மரச்சீனி விளையின் மதிலுக்கு மேலே தெரிய ஒரு கொடி,
தேர்த் திருவிழாத் தோரணத்தில் மிஞ்சிய ஆரஞ்சுத் துணி.
மார்த்தாண்டம் ரோட்டில் ஏறக்கூடாது என்று
பில்லின் நெற்றியில் எழுதிக் கொடுத்தேன்.

இன்று ஏழரைக்கு
கொடி மதிலுக்கு மேலே நீந்திப் போனது.
உள்ளே ஒரு பிஸ்கட்டுக்காக இரண்டு பேர் அடிதடி.
நான் சாயாவை எடுத்தேன்.
தட்டுக்கு அடியில்
ஒரு வாஷர்.

எட்டு எடுத்தேன், எட்டும் போட்டேன்.
இல்லை, ஒன்பது எடுத்தேனா?
கொடிக்கம்புக்குள்ளதா,
அச்சுக்குள்ளதா?

சாயா அங்கேயே இருக்கட்டும்.
ஊருக்கெல்லாம் பிரேக் சொல்கிறவன்
மூன்று மாதமாக மாற்றாத முன்பிரேக்கோடு
ஸ்கூட்டரை உதைத்து
இறக்கத்தில் இறங்குகிறேன்,
மதில்களுக்கு மேலே ஆரஞ்சைத் தேடிக்கொண்டு,
வாஷரைப் பல்லில் கடித்தபடி.